கிளுவை வேலியும் ஒன்றரை ஹெச்.பி. சைலன்சரும்

நான் வாயை மூடிக்கொண்டுதான் நின்றிருந்தேன். என் குரல் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டது.

"அப்புறமுங்க மாமா," என்றது. சற்று இடைவெளி விட்டு, தொண்டையை ஒரு முறை செருமிக்கொண்டு மறுபடியும், "அப்புறமுங்க?"

அந்தச் செருமலும் என்னுடையதுதான். எனக்கு அப்படியொரு செருமல் இருப்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. மூன்று பெண்கள் சிரித்தார்கள். அதில் ஒரு சிரிப்பு என் மாமியாருடையது.

முற்பகல் பதினொரு மணி இருக்கும். தாராபுரத்துக்குச் சற்று முன்னால், என் மாமனாரின் தோட்டத்துக்குப் போகும் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலத்துக்கு மண் தடம். தோட்டத்து வீட்டை ஒட்டித் தடம் வளைகிற இடத்தில் என் மோட்டார் சைக்கிள் சூடேறி நின்றுவிட்டது. இன்ஜின் ஆறட்டும் என்று இறங்கி நின்றவன் காதில்தான் இது விழுந்தது. காற்றில் சின்ன வெங்காயத் தாளின் காரம் இருந்தது. கண் எரிந்தது. வெங்காயத்தால்தான் என்று வைத்துக்கொண்டேன்.

வேலியில் ஒரு சந்து இருந்தது. எட்டிப் பார்த்தேன். களத்தில் வெங்காயம் குவிந்து கிடந்தது. அத்தையும் வேலைக்கு வந்த இரண்டு பெண்களும் உட்கார்ந்து தாள் அறுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எதிரே, சட்டை இல்லாமல் வெறும் அரை டவுசரோடு, வீட்டின் ஒரே நாற்காலியான சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் என் மாமனார் நாச்சிமுத்து உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்திருந்தது நான் உட்காருகிற மாதிரி. அதாவது நுனியில், நாற்காலிக்கு நோகுமோ என்று பயந்தவனைப் போல, கைகள் இரண்டையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு.

அத்தை முந்தின வருடம் நெஞ்சடைப்பு வந்து கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் கிடந்து பிழைத்தவர். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. இப்போது சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அரிவாள் ஆடியது.

எனக்குத் தெரிந்த மாமனார் வேறு ஆள். அவர் சலவைச் சட்டை போட்டுக் கழுத்துப் பித்தான் வரை மாட்டியிருப்பார். கயிற்றுக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து கையில் நாளிதழ் வைத்திருப்பார். "வாங்க மாப்பிள்ளை" என்பார். "அம்மணி நல்லாருக்குதுங்களா?" என்று தன் மகளை விசாரிப்பார். "உங்க பக்கம் மழை உண்டுங்களா?" என்பார். கடைசியில், "சாப்டுட்டுப் போலாமுங்க." பதினோரு வருடமாக இந்த நாலு வாக்கியம்தான். ஐந்தாவதை நான் கேட்டதில்லை.

நாலுக்கும் நடுவில் கிடக்கும் மௌனத்தை என்னால் தாங்க முடியாது. அதை நிரப்பத்தான் "அப்புறமுங்க" சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் பேச்சு அறுந்துபோனால் ஒட்டவைக்கிற பசை அந்தச் சொல். ஒரு தடவை சொன்னால் எதிராளி ஏதாவது எடுத்துக் கொடுப்பார். இவர் கொடுக்க மாட்டார். ஆகவே நான் இன்னொரு தடவை சொல்வேன்.

இந்தத் தொடரில் கிணற்று மோட்டாரிலிருந்து கல்யாண மண்டபத்துப் பாயசம் வரை எல்லாவற்றையும் எழுதிய நீங்கள் மாமனாரை மட்டும் ஏன் தொடவே இல்லை என்று ஒரு வாசகர் போன வாரம் கேட்டிருந்தார். அவரைப் பற்றி எழுதினால் என் குரலைப் பற்றியும் எழுத வேண்டிவரும். அதனால்தான் தள்ளிப்போட்டேன்.

பெண் கொடுக்கும்போது அவர் தோட்டம் துரவு உள்ள மாப்பிள்ளையைத் தேடிக்கொண்டிருந்ததாக ஊரே சொன்னது. வாய்த்ததோ, கோயமுத்தூர் கணபதியில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு பம்ப்செட் உதிரி பாகங்களுக்கு ஆர்டர் எடுக்க ஊர் ஊராகப் போகும் நான். அதைப் பற்றி அவர் ஒரு குறையும் சொன்னதில்லை. நிறையும் சொன்னதில்லை. எனக்கு எட்டு வயதில் அப்பா போய்விட்டார். இந்த மனிதர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அவர் வாயாலேயே ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்பது, சொல்ல வெட்கமாக இருந்தாலும், எனக்குப் பெரிய ஆசை. பதினோரு வருடம் காத்திருந்து கேட்டது இதைத்தான்.

இத்தனைக்கும் காரணம் ஒரு சைலன்சர்.

பாத்திரங்கள் எழுந்து நின்ற கதை

என் வண்டியின் பழைய சைலன்சர் அடிப்பக்கம் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. ஓட்டை ஒரே நாளில் விழுந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அது வருடக்கணக்கில் நாளுக்குக் கொஞ்சமாகப் பெரிதானது, என் காதும் அதற்கேற்ப நாளுக்குக் கொஞ்சமாகப் பழகிக்கொண்டது. என் வண்டி எல்லா வண்டியையும் போலத்தான் ஓடுகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் மாடியில் இருந்தார். ரத்தினம்மாள் டீச்சர், ஓய்வு பெற்றவர். ஒரு நாள் என்னை வழியில் நிறுத்தி, வண்டி நல்ல கணீரென்று இருக்கிறது என்றார். நான் நன்றி சொன்னேன். இன்னொரு நாள், நான் வருகிற நேரத்தை வைத்து அவர் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வதாகச் சொன்னார். அதற்கும் நன்றி சொன்னேன். மூன்றாம் முறை அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

"தம்பி, நீங்க வந்தீங்கன்னா எங்கூட்டு அலமாரிப் பாத்திரமெல்லாம் எந்திரிச்சு நின்னு மரியாதை பண்ணுதுங்க."

பெருமை தாங்காமல் இதை என் மனைவி கலாமணியிடம் போய்ச் சொன்னேன். அவள் தோசைக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தாள். "ஏனுங்க, டீச்சர் ஆறு மாசமா உங்ககிட்ட சண்டை போட்டுட்டு இருக்கறாங்க, உங்களுக்குத் தெரியலீங்களா?" என்றாள்.

எனக்குத் தெரியவில்லை. மரியாதையான ஊரில் பிறந்த தோஷம் இது. இங்கே கோபமும் 'ங்க' போட்டுத்தான் வரும். சொல்கிறவர் சொல்லி முடித்திருப்பார், கேட்கிறவன் பாராட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான். இந்தப் பாடத்தை நான் அன்றே படித்திருந்தால் பின்னால் வெட்கப்படுகிற வேலை இருந்திருக்காது. படிக்கவில்லை.

ரங்கண்ணன் கைக்குப் போனது

கடையில் புது சைலன்சர் வாங்கி மாட்டியிருக்கலாம். அரை மணி நேர வேலை. ஆனால் கணபதியில் குடியிருக்கிறவனுக்கு அது கௌரவக் குறைச்சல். தெருவுக்கு நாலு லேத் பட்டறை இருக்கிற இடத்தில், எதையும் கடையில் வாங்கினேன் என்று சொன்னால் ஆட்கள் அனுதாபமாகப் பார்ப்பார்கள்.

எனக்குப் பழக்கமான பட்டறை ரங்கண்ணனுடையது. அவர் பம்புக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைகிறவர். வாழ்நாளில் சைலன்சர் செய்ததில்லை. அதை ஒரு தடையாக அவர் நினைக்கவில்லை. பழைய சைலன்சரைக் கையில் வாங்கி, ஓட்டை வழியாக என்னைப் பார்த்தார். பிறகு, சத்தமும் தண்ணீர் மாதிரிதான், வேகமாக வருவதை நாலு இடத்தில் முட்டவைத்துச் சுற்றி விட்டால் சாதுவாகிவிடும் என்றார். பம்பில் தண்ணீரைத் தள்ள என்னவெல்லாம் செய்வார்களோ அதையெல்லாம் தலைகீழாகச் செய்யப்போவதாகச் சொன்னார். எனக்கு அது நியாயமாகப் பட்டது. நானும் பம்ப் ஆள்தானே.

மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். உள்ளே ஓட்டை போட்ட குழாய், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு, குறுக்கே மூன்று தடுப்பு. எல்லாவற்றையும் மூட வெளிக்கூடு வேண்டுமே? போர்வெல் மோட்டாரின் எவர்சில்வர் உடல் ஒன்று பட்டறையில் சும்மா கிடந்தது. அதை வெட்டிப் போட்டுவிட்டார். மோட்டாரின் பெயர்த் தகடும் அதிலேயே இருந்தது. 'ஒன்றரை ஹெச்.பி.' என்று போட்டிருந்தது. தகட்டை எடுத்துவிடலாமே என்றேன்.

"இருந்துட்டுப் போகுதுங்க, எடுத்தா நாலு ஓட்டை தெரியும், சத்தம் கசியும்," என்றார்.

வண்டியைக் கிளப்பினேன். ஒன்றும் கேட்கவில்லை. மறுபடி உதைத்தேன். ரங்கண்ணன் என் தோளைத் தொட்டு, வண்டி முதல் உதையிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். காதைக் கிட்டே கொண்டுபோனால், கம்பளிக்குள் வைத்துத் தையல் மெஷின் ஓட்டுகிற மாதிரி ஒரு முணுமுணுப்பு. அவ்வளவுதான்.

குறைகள் இரண்டு. புகை வெளியேற வழி தேடித் திணறியதால் வண்டிக்கு இழுவை போய்விட்டது. மேட்டில் மிதிவண்டிகள் என்னைத் தாண்டின. இன்னொன்று சூடு. அந்த ஒன்றரை ஹெச்.பி. கூடு அடுப்பில் வைத்த தோசைக்கல்லைப் போலக் காய்ந்து, வண்டியை நிறுத்திய பிறகும் அரை மணி நேரம் கொதித்தது. ஒரு பேன்ட் போயிற்று.

சத்தமாக ஓடும் வண்டிகளை ஓரம் கட்டிக்கொண்டிருந்த ஒரு போக்குவரத்துக் காவலர் என்னையும் நிறுத்தினார். ஆக்சிலேட்டரை முறுக்கச் சொன்னார். முறுக்கினேன். இன்னும் முறுக்கச் சொன்னார். முழுக்க முறுக்கியாகிவிட்டது என்றேன். குனிந்து தகட்டைப் படித்தார். பேட்டரி வண்டியா என்று கேட்டார். இல்லை, பெட்ரோல் என்றேன். அப்புறம் அவர் கேட்டது வேறு விஷயம். ஊரில் அவர் தோட்டத்துப் போர்வெல்லுக்கு இந்த ஒன்றரை போதுமா, மூன்று போடலாமா என்றார். ஆழம் எத்தனை அடி என்று கேட்டு நான் ஆலோசனை சொல்லிவிட்டு வந்தேன்.

எல்லோரும் வீட்டில் இருக்கத் தொடங்கினார்கள்

சத்தம் போன முதல் வாரமே ஒரு அதிசயம் நடந்தது. கடைக்காரர்கள் கடையில் இருந்தார்கள்.

பல்லடம், காங்கேயம், தாராபுரம் என்று பதினைந்து நாளுக்கு ஒரு வியாழக்கிழமை நான் போகிற வழி அது. எத்தனையோ வருடமாக அந்த வழியில் பாதிப் பேர் கடையில் இருக்க மாட்டார்கள். முதலாளி இப்போதுதான் கல்யாணத்துக்குப் போனார் என்பார்கள், இப்போதுதான் வயலுக்குப் போனார் என்பார்கள். உழைப்பாளிகள், எவ்வளவு அலைகிறார்கள் பாவம் என்று நான் வீட்டில் வந்து சொல்வேன்.

அந்த வியாழக்கிழமை காங்கேயத்தில் ஒரு கடை வாசலில் போய் நின்றேன். கடைக்காரர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, கணக்குப் பிள்ளையிடம், "டபடபா வர்ற நாளு இன்னிக்கி. சத்தம் கேட்டா நான் பின்னால போயிர்றேன், நீங்க பாத்துக்கங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "வாங்க வாங்க, உங்களத்தானுங்க நெனச்சுட்டு இருந்தோம்," என்றார். அது பொய்யில்லை. கூச்சத்தில் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆர்டர் கொடுத்தார்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் ஊர் மரியாதை முழுக்கப் பொய் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் தயார் செய்ய ஒரு நிமிடம் வேண்டும். என் பழைய சைலன்சர் எல்லோருக்கும் அந்த ஒரு நிமிடத்தைக் கொடுத்துக்கொண்டிருந்தது. இப்போது நான் எல்லோருடைய வாக்கியத்துக்கும் நடுவில் போய் இறங்கிக்கொண்டிருந்தேன்.

அதே வியாழக்கிழமைதான், அதே வழியில், இட்டேரிக்குள்ளும் திரும்பினேன்.

ஐந்து நிமிடத்தில் ஒரு மாமனார்

இட்டேரி முனையிலிருந்து வீட்டுக்கு மண் தடத்தில் ஐந்து நிமிடம். தோட்டத்தில் கைபேசிக்கு டவர் கிடைக்காது. கிடைத்தாலும் நான் சொல்லிவிட்டுப் போகிற பழக்கமில்லை, சொல்ல வேண்டிய அவசியத்தை வண்டி வைத்ததில்லை. பதினோரு வருடமாக அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடந்திருக்கும் என்று வேலிக்குப் பின்னால் நின்று யோசித்தேன். முனையில் டபடப என்று கேட்டதும் இந்த மனிதர் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். டவுசருக்கு மேல் வேட்டியைச் சுற்றி, சட்டையை மாட்டி, கட்டிலுக்கு ஓடி, நாளிதழை எடுத்துக்கொண்டு, மூச்சிரைப்பு அடங்குவதற்காகத்தான் நாலு வாக்கியத்தோடு நிறுத்தியிருப்பார்.

களத்தில் இப்போது அவர் என் வண்டியாக மாறியிருந்தார். பழைய வண்டி. உதட்டால் டப், டபடப, டப் என்று கிளப்பி, கியர் மாற்றி, இட்டேரிப் பள்ளத்தில் இறங்கி ஏறி, வாசலில் வந்து நிற்பதுவரை செய்தார். நிற்கும்போது கடைசியாக ஒரு 'டொப்' வரும். அதைக்கூட விடவில்லை. அந்தப் பெண்கள் அரிவாளைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? கோபித்துக்கொண்டு திரும்பியிருக்கலாம். மாப்பிள்ளைகள் இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் கல்யாண வீட்டில் கை கழுவிக்கொண்டு எழுந்திருக்கிறார்கள். உள்ளே நுழைந்து நின்றிருக்கலாம். நின்றால் அவர் என்ன ஆவார் என்று நினைத்தேன். சட்டை இல்லாமல் ஒரு சொந்தக்காரரின் முன்னால் அகப்பட்டுவிட்டதற்காக அந்த வீட்டுப் பக்கமே இரண்டு வருடம் போகாமல் இருந்தவர் அவர். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்தால் அந்த நாலு வாக்கியமும் போய்விடும். எனக்கு அவரிடம் இருந்த சொத்தே அந்த நாலுதான்.

வண்டியைச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு இட்டேரி முனை வரை திரும்பிப் போனேன். அங்கே கிளப்பி, வழி நெடுக ஹாரனை அழுத்திக்கொண்டே வந்து சேர்ந்தேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். சட்டையில் ஒரு பித்தான் இடம் மாறியிருந்தது. கையில் நாளிதழ். அன்றைக்குத்தான் அதை ஊன்றிப் பார்த்தேன், போன ஆட்சிக் காலத்துப் பேப்பர்.

"வாங்க மாப்பிள்ளை," என்றார்.

சிவப்பு நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தேன். நுனியில் உட்காருகிறேன் என்று தெரிந்து பின்னால் நகர்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "அப்புறமுங்க" வாய் வரைக்கும் வந்தது, விழுங்கினேன். அந்தக் கால் மணி நேரம் போல நான் வேறெந்தக் கால் மணி நேரத்தையும் கழித்ததில்லை.

பூச்சி மருந்து

அடுத்த முறை வண்டி சூடேறவில்லை. ஆனாலும் வளைவில் நிறுத்தினேன். அதற்கடுத்த முறையும் நிறுத்தினேன்.

இதை எப்படிச் சொல்வது, எனக்கு அது பிடித்துப்போயிற்று. முதல் தடவை சுட்டது உண்மைதான். ஆனால் மூன்றாம் தடவை வேலிச் சந்தில் நின்று நானே கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். கலாமணிகூட என்னை அவ்வளவு உன்னிப்பாகப் பார்த்ததில்லை. நான் பாயசத்தைக் குடித்து முடித்ததும் டம்ளருக்குள் ஒரு தடவை எட்டிப் பார்ப்பேனாம். செருப்பை விடும்போது இடது கால் செருப்பை வலது காலால் திருப்பி வைப்பேனாம். பதினோரு வருடம் நாளிதழுக்குப் பின்னால் அந்த மனிதர் வேறெதையும் செய்யவில்லை, என்னைத்தான் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னை மதிக்கிறாரா என்பது மட்டும் அதில் தெரியவில்லை. ஒருவனை இத்தனை அழகாகக் கேலி செய்கிறவர் அவனை வேண்டும் என்று நினைக்கிறாரா, வேண்டாம் என்று நினைக்கிறாரா? அதைத் தெரிந்துகொள்ளவும்தான் நின்றேன்.

இப்படியே இரண்டு மாதம் போனது. நின்று கேட்பேன், முனைக்கு உருட்டிக்கொண்டு போவேன், ஹாரன் அடித்துக்கொண்டு வருவேன். ஒரு நாள் கட்டிலில் உட்கார்ந்திருந்த மாமனார், பதினோரு வருடத்தில் முதல் தடவையாக, ஐந்தாவது வாக்கியம் ஒன்றைச் சொன்னார்.

"இட்டேரிப் பக்கம் வேலி ஒரு எடத்துல மட்டும் கருகுதுங்க மாப்பிள்ளை. என்ன பூச்சின்னு தெரியலீங்க."

எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியில் நாற்காலியில் முழுதாக உட்கார்ந்துவிட்டேன். என்னிடம் யோசனை கேட்கிறார். கிளுவைக்குச் சாதாரணமாகப் பூச்சி விழாது, ஆனாலும் அலட்சியமாக விடக்கூடாது, ஒரு மருந்து இருக்கிறது, தாராபுரத்திலேயே கிடைக்கும், பத்து லிட்டருக்கு இத்தனை மூடி கலந்து காலை வெயிலுக்கு முன்னால் அடிக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னேன். அவர் மிகுந்த மரியாதையோடு கேட்டுக்கொண்டார். உள்ளே அத்தைக்கு இருமல் வந்தது. நெஞ்சுக்காரர் ஆயிற்றே என்று நான் கவலைப்பட்டேன்.

அடுத்த தடவை களத்தில் புதுக் காட்சி சேர்ந்திருந்தது. "மருந்து அடிங்க மாமா," என்றது என் குரல், ஒரு கையால் மூடி கலக்கிக் காட்டியபடி. அன்றைக்கு எழுந்த சிரிப்புக்குக் களத்தோர ஆலமரத்துக் காக்கைகள் கிளம்பிப் போயின. இதில் இவ்வளவு சிரிக்க என்ன இருக்கிறது என்று வேலிக்குப் பின்னால் நின்று யோசித்தேன். அப்போதும் எனக்குப் புரியவில்லை.

நாற்காலி

அதற்கடுத்த வியாழக்கிழமை வளைவுக்கு வந்தபோது அங்கே ஒரு நாற்காலி கிடந்தது.

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. வீட்டில் எனக்குப் போடுகிற அதே நாற்காலி. இட்டேரியில், வேலியை ஒட்டி, நான் வழக்கமாக நிற்கிற இடத்தில் போட்டிருந்தார்கள். ஈரத்துணியால் துடைத்திருந்தது. பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர். சொம்பின் மேல் தட்டு, தட்டு பறந்துவிடாமலிருக்க அதன் மேல் ஒரு வெங்காயம்.

யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் போலும் என்று முன்னும் பின்னும் பார்த்தேன். பிறகுதான் வேலியைப் பார்த்தேன். கிளுவை இலை ஒரு இடத்தில் மட்டும் கருகியிருந்தது. நீளமாக, உருண்டையாக, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில். என் வண்டியின் ஒன்றரை ஹெச்.பி. சைலன்சரைப் பக்கத்தில் நிறுத்தினால் சரியாகப் பொருந்தும். நிறுத்தித்தான் இருந்தேன். பொருந்தியது.

பூச்சி நான்தான்.

டீச்சரின் பாத்திரங்கள் நினைவுக்கு வந்தன. எத்தனை நாளாகத் தெரியும்? மருந்து கேட்டபோதே தெரியும். அதற்கும் முன்னால்? இரண்டாம் தடவையே இலை வாடியிருக்குமே? அப்படியானால் இத்தனை நாளும் அவர் வெங்காயம் அறுக்கிறவர்களுக்கு மட்டும் நடித்துக் காட்டவில்லை.

வண்டியைத் திருப்பிக்கொண்டு கோயமுத்தூருக்கே போய்விடலாமா என்று நினைத்தேன். ஆனால் மாப்பிள்ளை வெயிலில் நிற்கக் கூடாது என்று போட்ட நாற்காலி அது. உட்காராமல் போவது மரியாதையில்லை. உட்கார்ந்தேன்.

நாற்காலி கிரீச்சிட்டது. அந்தப் பக்கத்தில் உடனே டப், டபடப என்று வண்டி கிளம்பியது.

இட்டேரிப் பள்ளம், கடைசி 'டொப்', செருப்பைத் திருப்பி வைத்தது, டம்ளருக்குள் எட்டிப் பார்த்தது, எல்லாம் வரிசையாக வந்தன. பெண்கள் சிரித்தார்கள். பிறகு அவர் குரல் மாறியது. இது நான் கேட்டிராத புதுக் குரல், ஒரு டாக்டருடைய குரல். அந்த ஆஸ்பத்திரி வராந்தா என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. நானும் அங்கே இருந்தேனே.

இருதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு என்றார் டாக்டர்.

"அப்புறமுங்க?" என்றது என் குரல்.

சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, சிறுநீரகமும் சரியில்லை என்றார்.

"அப்புறமுங்க?"

இந்த உடம்பு ஆபரேஷன் தாங்குமா என்று சொல்ல முடியாது, வீட்டு ஆட்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார்.

"அப்புறமுங்க டாக்டர்?"

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் சற்று யோசித்துவிட்டு, சரி, ஒரு வழி இருக்கிறது, மருந்திலேயே பத்து நாள் பார்க்கலாம் என்றார். அன்று அப்படித்தான் சொன்னார். நான் அத்தனை தடவை கேட்டேன் என்பது எனக்கு நினைவே இல்லை. பயத்தில் வாய் பழக்கத்துக்குச் சொல்லியிருக்கும்.

பிறகு மாமனார் தன் சொந்தக் குரலில் அத்தையிடம் பேசினார். சொந்தக் குரல் என்றாலும் வேலியைத் தாண்டிக் கேட்கிற அளவுக்குச் சத்தமாகப் பேசினார்.

"நானு மொத அடைப்புலயே காத மூடிட்டேன், சாமாத்தா. செவுத்தப் புடிச்சுட்டு நின்னுட்டேன். என்ற மாப்பிள்ளைதான் அப்புறமுங்க, அப்புறமுங்கன்னு அந்தாள உடாமக் கேட்டாரு. கடேசி அப்புறத்துலதான் நீ இருந்தே."

'என்ற மாப்பிள்ளை' என்றார், 'என்னுடைய' என்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நான் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். இந்தத் தடவை வெங்காயத்தின் மேல் பழியைப் போடவில்லை. முகத்தில் சொல்ல வராத மனிதருக்கு நடுவில் ஒரு வேலி வேண்டியிருந்தது. எனக்கும்தான் வேண்டியிருந்தது. சொம்புத் தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொண்டு, தட்டையும் வெங்காயத்தையும் இருந்தபடியே வைத்தேன்.

வண்டியை இட்டேரி முனை வரை உருட்டிப் போய், அங்கிருந்து ஹாரனை அழுத்திக்கொண்டு வந்தேன். அவர் கட்டிலில் இருந்தார். சட்டை, கழுத்துப் பித்தான், பழைய பேப்பர்.

"வாங்க மாப்பிள்ளை."

உட்கார நாற்காலி இல்லை. அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கதவோரம் நின்ற அத்தை மேலே கூரையைப் பார்த்தார். மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் கட்டிலில் ஒரு ஓரமாக நகர்ந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினோரு வருடத்தில் முதல் தடவை. கயிறு இரண்டு பேர் எடைக்கும் தாழ்ந்தது.

"அம்மணி நல்லாருக்குதுங்களா?" என்றார்.

"நல்லாருக்குதுங்க மாமா."

"உங்க பக்கம் மழை உண்டுங்களா?"

"இல்லீங்க."

பேச்சு அறுந்தது. அந்தச் சொல் என் தொண்டைக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் என் மாமனார் தொண்டையை ஒரு முறை செருமினார். அது என்னுடைய செருமல்.

"அப்புறமுங்க மாப்பிள்ளை?" என்றார்.